டாட்டூ மேசையில் இருப்பவை: எதை நம்பலாம், எதை மறுக்கலாம்

டாட்டூ போட்டுக்கொள்ள நினைப்பவர்கள் டிசைனைத் தேடி மாதக்கணக்கில் அலைவார்கள். அந்த டிசைனைத் தோலில் இறக்கப் பயன்படும் சாமான்களைப் பற்றி விசாரிப்பவர்கள் குறைவு. ஊசி, மை, மை கலக்கும் தண்ணீர், மரத்துப்போகும் கிரீம், மேலே ஒட்டும் ஃபிலிம், பிறகு தடவும் களிம்பு எல்லாமே விலைக்கு வாங்கும் பொருட்கள்தான். அவற்றில் நல்லதும் உண்டு, மட்டமானதும் உண்டு. எல்லோரும் பயப்படுவது ஊசியைப் பார்த்து. ஆனால் ஒழுங்காக நடக்கும் கடையில் இன்றைக்கு அந்த மேசையிலேயே பாதுகாப்பான பொருள் ஊசிதான். கண் போக வேண்டியது மை, தண்ணீர், ஆர்ட்டிஸ்டின் கை ஆகிய மூன்றின் மேல்.

ஊசி

இப்போது பெரும்பாலான இடங்களில் கார்ட்ரிட்ஜ் ஊசிதான். ஊசியும் முனைக்கூடும் ஒரே துண்டாக இருக்கும். ஒருவருக்குப் பயன்படுத்தியதும் கூர்கழிவுப் பெட்டிக்குள் போய்விடும். எத்திலீன் ஆக்சைடு வாயுவில் கிருமி நீக்கி, தனித்தனி பாக்கெட்டில் அடைத்து வரும். பாக்கெட்டில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். ஓரம் பிரிந்திருந்தாலோ, ஈரம் பட்டுக் காகிதம் நெளிந்திருந்தாலோ தேதி மிச்சம் இருந்தும் பயனில்லை. வேறொன்று எடுக்கச் சொல்லுங்கள். மேலே 1207 ஆர்எல் என்பது போல அச்சிட்டிருப்பார்கள். 12 என்பது 0.35 மில்லிமீட்டர் தடிமன், 07 என்பது ஏழு ஊசிகள், ஆர்எல் என்பது கோடு போடுவதற்கான வட்ட அடுக்கு.

தரத்தைப் பிரித்துக் காட்டுவது உள்ளே இருக்கும் சவ்வு. ஊசி மேலும் கீழும் ஓடும்போது ரத்தமும் மையும் கலந்த ஈரம் பின்னால் ஏறி மெஷினுக்குள் போகாமல் தடுப்பது அதுதான். மோட்டார் உள்ள மெஷினை ஆட்டோகிளேவில், அதாவது நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவியில், வைக்க முடியாது. சவ்வு இல்லாத மலிவு கார்ட்ரிட்ஜில் ஒருவருடைய ரத்தம் மெஷினுக்குள் தங்கி, புது ஊசி போட்ட பிறகும் அடுத்தவர் பக்கம் வர வழி இருக்கிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட, குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்போடு இருக்கும். ஊசியைப் பின்னாலிருந்து அழுத்திவிட்டால் தானாகத் திரும்புவதை வைத்து மட்டும் சவ்வு இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. வெறும் ரப்பர் வளையம் உள்ளதும் அப்படித்தான் திரும்பும். என்ன வகை என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் வாங்கும்போதும் அதைப் பார்த்திருக்க மாட்டார்.

ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு. டாட்டூ போடும் எண்ணம் இருந்தால் அதை முன்கூட்டியே முழுமையாகப் போட்டு முடித்துவிடலாம். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை.

மை: இங்கேதான் நிதானிக்க வேண்டும்

மை தோலின் மேலே நிற்பதில்லை. மேல்தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாவதால், அங்கே விட்ட மை தங்காது. அதனால் ஊசி ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில், உள்தோலில் மையை விடுகிறது. உடல் அதை அந்நியப் பொருளாகப் பார்த்து, மேக்ரோஃபேஜ் எனும் செல்களை அனுப்பி விழுங்க வைக்கிறது. விழுங்கிய செல் இறந்தால் மை வெளியே வரும், பக்கத்துச் செல் எடுத்துக்கொள்ளும். டாட்டூ நிலைப்பது இப்படித்தான். எல்லாத் துகளும் அங்கேயே இருப்பதில்லை. ஒரு பகுதி நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ச் சேர்கிறது. டாட்டூ போட்டிருந்தவர்களின் இறந்த உடல்களை ஐரோப்பிய ஆய்வாளர்கள் பரிசோதித்து 2017-இல் வெளியிட்ட முடிவில், வண்ணத் துகள்களோடு, வெள்ளை நிறத்துக்குச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடும் கணுக்களில் இருந்தது. ஆகவே மையின் தரம் என்பது நிறம் எவ்வளவு பளிச்சென்று வருகிறது என்பதோடு முடிகிற விஷயம் இல்லை.

பாட்டிலில் 'ஸ்டெரைல்' என்று எழுதியிருப்பதற்கு எவ்வளவு மதிப்பு? அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் (எஃப்டிஏ) ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட பரிசோதனையில் 75 மை மாதிரிகளில் 26-இல் பாக்டீரியா இருந்தது. ஸ்டெரைல் என்ற லேபிளுக்கும் உள்ளே கிருமி இல்லாமல் இருப்பதற்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை. சீல் உடைக்காத பாட்டிலிலும் கிருமி இருக்கலாம் என்றால், கடைக்காரர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மிஞ்சும் ஓர் ஆபத்து இது. அதைக் குறைக்கலாம், பூஜ்யமாக்க முடியாது. பேட்ச் எண் இல்லாத மையை மறுப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். நாளைக்கு ஒரு பேட்ச் திரும்பப் பெறப்பட்டால், உங்கள் தோலில் இருப்பது அதுதானா என்று தெரிந்துகொள்ள அந்த எண் ஒன்றுதான் வழி. போடும் முன் ஒவ்வொரு பாட்டிலின் லேபிளையும் போனில் படம் எடுத்து வையுங்கள். நல்ல ஆர்ட்டிஸ்ட் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

தண்ணீர் விஷயம் இதைவிடக் கூர்மையானது. நிழல் வேலைக்குக் கறுப்பு மையில் தண்ணீர் கலந்து சாம்பல் நிறம் செய்வார்கள். குழாய்த் தண்ணீர் கூடாது என்று பலருக்கும் தெரியும். வாலைவடிநீர், அதாவது டிஸ்டில்டு வாட்டர், போதும் என்று நினைப்பதுதான் பரவலான தவறு. அதில் உப்புகள் நீங்கியிருக்கும். கிருமி நீங்கியிருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. 2011-12-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ராச்செஸ்டர் நகரில், ஒரே கடையில் டாட்டூ போட்ட 19 பேருக்கு மைக்கோபாக்டீரியம் செலோனே என்ற கிருமி தொற்றியது. ஆர்ட்டிஸ்ட் கடைப்பிடித்த முறையில் பெரிய குறை எதுவும் இல்லை. தொழிற்சாலையிலேயே டிஸ்டில்டு வாட்டர் சேர்த்து நீர்க்கச் செய்து வந்த சாம்பல் மையில்தான் பிரச்சினை இருந்தது.

இந்தத் தொற்றின் அடையாளத்தைத் தெரிந்து வைப்பது நல்லது. டாட்டூ போட்டு ஒன்று முதல் மூன்று வாரங்களில், பெரும்பாலும் சாம்பல் நிழல் விட்ட இடத்தில் மட்டும், சிவந்த சிறு பருக்கள் கிளம்பும். கறுப்புக் கோடுகள் நன்றாக இருக்கும். பார்க்க ஒவ்வாமை போலவே இருப்பதால் ஸ்டீராய்டு கிரீம் தடவிவிடுவார்கள்; அது நிலைமையை மோசமாக்கும். வழக்கமான ஆன்டிபயாடிக் பலவும் இந்தக் கிருமியிடம் எடுபடாது. திசு எடுத்து, மைக்கோபாக்டீரியாவுக்கென்று தனியாக வளர்ப்புச் சோதனை செய்யச் சொல்ல வேண்டும். சிகிச்சை மாதக்கணக்கில் போகும். ஆகவே மை நீர்க்க வேண்டுமென்றால் சீல் பிரிக்காத ஸ்டெரைல் தண்ணீரோ ஊசி மருந்துக்கான சலைனோ மட்டும்தான். உங்கள் கண் முன்னே உடைத்து, ஒருமுறை கப்பில் கலந்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கப்பில் மிஞ்சிய மையை பாட்டிலுக்குள் திருப்பி ஊற்றுவதைப் பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நிறங்களில் அதிகம் ஒவ்வாமை தருவது சிவப்பு. போட்ட உடனேயே வர வேண்டும் என்பதில்லை; மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்துச் சிவப்புப் பகுதி மட்டும் தடித்து, அரித்து, மேடு கட்டும். ஒரு சின்னப் புள்ளி வைத்துச் சோதித்துப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை என்பது நல்ல செய்திதான், உத்தரவாதம் இல்லை. தோல் விவகாரம் உள்ளவர்கள் கறுப்போடு நிறுத்திக்கொள்வதே நம் பரிந்துரை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி 4 முதல் டாட்டூ மையில் 4,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்களைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. அந்த விதிகளுக்கு உட்பட்டது என்று லேபிளில் குறிப்பிட்டு, பொருட்களின் பட்டியலும் போட்ட மை மற்றவற்றைவிட மேல். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமோ தோலுக்குள் செலுத்தும் மைக்கென்று எந்த வண்ணப்பொருளையும் அங்கீகரித்ததில்லை. 'எஃப்டிஏ அங்கீகாரம் பெற்றது' என்று ஒரு மை பாட்டில் சொன்னால் அந்த ஒரு வரிக்காகவே அதை ஒதுக்கலாம். 'வீகன்', 'ஆர்கானிக்' என்ற சொற்கள் கிருமியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

நீல விளக்கு எரியும் பெட்டி

பல கடைகளில் கண்ணில் படும்படி வைத்திருப்பது புற ஊதா விளக்குப் பெட்டி. அது கிருமி நீக்கும் கருவி இல்லை. வெளிச்சம் படும் பரப்பைத் தவிர மடிப்புக்கும் குழாய்க்கும் உள்ளே எதுவும் செய்யாது. அல்ட்ராசோனிக் கிளீனர் அழுக்கைக் கிளப்பும், அவ்வளவுதான். கொதிக்க வைப்பது, ஸ்பிரிட்டில் ஊற வைப்பது இரண்டும் போதாது. திரும்பப் பயன்படுத்தும் உலோகப் பிடி இருந்தால் ஆட்டோகிளேவ் தேவை: 121 டிகிரியில் குறைந்தது 15 நிமிடம், அல்லது 134 டிகிரியில் குறைந்தது 3 நிமிடம், அதுவும் நீராவி முழு அழுத்தத்துக்கு வந்த பிறகு கணக்கு. பையின் மேல் நிறம் மாறும் கோடு சூடு பட்டதை மட்டும் காட்டும். உள்ளே கிருமி செத்ததா என்று காட்டுவது ஸ்போர் டெஸ்ட். கடைசியாக எப்போது செய்தீர்கள், ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லாமே ஒருமுறைப் பொருட்களாக வைத்திருக்கும் கடைக்கு ஆட்டோகிளேவே தேவையில்லை. இல்லை என்பதற்காகக் குறை சொல்ல வேண்டாம்.

கையும் சின்னச் சாமான்களும்

தவறு நடப்பது பெரும்பாலும் இடைவேளைகளில். கையுறையோடு போனைத் தொட்டு, நாற்காலியைச் சரிசெய்து, அதே கையால் மறுபடி தோலைத் தொடுவது. கையுறை ஆர்ட்டிஸ்டுக்குப் பாதுகாப்பு. தொட்டதையெல்லாம் தோலுக்குக் கொண்டுவந்தால் உங்களுக்கு அதனால் பயனில்லை. நைட்ரைல் கையுறையாக இருந்தால் லேடெக்ஸ் ஒவ்வாமைப் பிரச்சினையும் இல்லை. மெஷின், வயர், ஸ்ப்ரே பாட்டில், விளக்கின் பிடி எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டி, ஒவ்வொருவருக்கும் மாற்ற வேண்டும்.

ரோமம் வழிக்கும் ரேசர் புதிதாக இருக்கட்டும். ஸ்டென்சில் ஒட்ட டியோடரண்ட் குச்சியை நேரடியாகத் தோலில் தேய்ப்பது சிலரிடம் உள்ள பழைய பழக்கம்: வழித்ததில் நுண்ணிய கீறல்கள் உள்ள தோல், அதே குச்சி ஆளுக்கு ஆள். ஸ்டென்சில் திரவத்தைப் புதுக் கையுறையில் அல்லது டிஷ்யூவில் எடுத்துத் தடவச் சொல்லுங்கள். பெட்ரோலியம் ஜெல்லி டப்பாவுக்குள் விரல் விடாமல் குச்சியால் எடுக்க வேண்டும், ஒரு குச்சி ஒருமுறைதான்.

மரத்துப்போகும் கிரீம்

விளம்பரத்தில் 'வலியே இல்லை' என்று வரும் கிரீம்களைக் கவனமாக மதிப்பிட வேண்டும். லிடோகெயின் 4 சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை மருத்துவர் இல்லாமல் வாங்கக் கூடாது. அளவு கூடிய சில வலி நீக்கும் கிரீம்களைப் பற்றி எஃப்டிஏ 2024 மார்ச்சில் எச்சரித்தது. காரணம், ரத்தத்தில் அதிகம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும், வலிப்பு வரும், மூச்சு திணறும். ஆபத்தைக் கூட்டுவது மூன்று: பெரிய பரப்பில் தடவுவது, மேலே பிளாஸ்டிக் சுற்றி மணிக்கணக்கில் விடுவது, ஊசி பட்டுத் திறந்த தோலில் மறுபடி தடவுவது. முதுகு முழுக்கத் தடவிச் சுற்றிக்கொண்டு வரும் வழக்கம் இந்த மூன்றில் இரண்டைச் செய்துவிடுகிறது. உதடு மரத்தல், வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், தலைசுற்றல் தொடங்கினால் கிரீமைத் துடைத்துக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளங்கை அளவு டிசைனுக்கு இந்தக் கிரீம் தேவைப்படாது என்பதே நம் கருத்து.

வீட்டுக் கிட்: வாங்க வேண்டாம்

ஆன்லைனில் கிடைக்கும் தொடக்கக் கிட்டில் ஒன்றிரண்டு மெஷின், மின் பெட்டி, கால் பெடல், ஒரு டஜனுக்கும் மேல் சின்ன மைக் குப்பிகள், ஊசிகள், பயிற்சித் தோல் இருக்கும். பயிற்சித் தோலில் கோடு பழக மட்டும் பயன்படுத்துவதானால் குறை இல்லை. மனிதத் தோலுக்கு எந்த வகையிலும் தகுதியில்லை. குப்பிகளில் தயாரிப்பாளர் பெயரோ பேட்ச் எண்ணோ இருப்பது அபூர்வம். மலிவான மின் பெட்டியில் வோல்டேஜ் ஏறி இறங்கும். வேகம் மாறினால் ஊசி சில இடத்தில் தோலைக் கிழிக்கும், சில இடத்தில் மையை விடாது. மை விடாத இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டுவதால் தழும்பு. ஆழம் தாண்டி உள்தோலுக்குக் கீழே கொழுப்புப் படலத்துக்குப் போனால் மை பரவி, கோட்டைச் சுற்றி நீலப் புகை படிந்தது போல நிரந்தரமாக நிற்கும். கைமணிக்கட்டின் உள்பக்கம், கணுக்கால் போன்ற மெல்லிய தோலில் இது வெகு சுலபமாக நேரும். பயன்படுத்திய ஊசியைப் போடக் கூர்கழிவுப் பெட்டி கிட்டில் வராது. அது வீட்டுக் குப்பையில் போய், அள்ளுபவரின் கையில் குத்தும்.

'தற்காலிகம்தானே' என்று கறுப்பு மருதாணி போடுபவர்களுக்கும் ஒரு சொல். மருதாணி தரும் நிறம் செம்பழுப்பு. ஒரு மணி நேரத்தில் கறுப்பாகப் பிடித்தால் அதில் பிபிடி என்ற தலைமுடிச் சாய ரசாயனம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். கொப்புளமும் தழும்பும் வருவதோடு, ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் பிறகு ஆயுளுக்கும் முடிச்சாயம் ஒத்துக்கொள்ளாமல் போகும்.

ஆறும் காலத்துப் பொருட்கள்

பாலியூரிதேன் ஃபிலிம் நல்ல பொருள். தோலுக்கு மூச்சுவிட இடம் கொடுத்து, தண்ணீரையும் துணியின் உரசலையும் தடுக்கிறது. முதல் ஃபிலிமை ஒரு நாள் வைத்து, அடியில் தேங்கும் மையும் நிணநீரும் கலந்த திரவத்தைக் கழுவிவிட்டு, இரண்டாவதை மூன்று முதல் ஐந்து நாட்கள் விடுவது பலர் பின்பற்றும் முறை. உறையில் போட்டிருக்கும் கால அளவைத் தாண்டாதீர்கள். சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு நல்ல தோலில் ஒட்டியிருக்க வேண்டும். ஓரம் திறந்து கசிந்தால் அது வெளிக்கிருமிக்கு உள்ளே வர வழி, அப்போதே எடுத்துவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீருக்கு அடியில், மேலே இழுக்காமல் தோலை ஒட்டிப் பக்கவாட்டில் இழுத்தால் சுலபமாக வரும். ஒட்டிய இடத்தின் வடிவத்திலேயே சிவந்து அரித்தால் பசை ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம், மறுபடி ஒட்ட வேண்டாம். சமையலறை பிளாஸ்டிக் தாளைக் கடையிலிருந்து வீடு போய்ச் சேரும் சில மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது; வேர்வை தேங்கிப் புண் ஊறிவிடும்.

ஃபிலிம் இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, கையைக் கழுவிய பிறகு, வாசனை இல்லாத சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டு விரல் நுனியால் கழுவுங்கள். துண்டு வேண்டாம், பேப்பர் டவலால் ஒற்றுங்கள். அதன் பிறகு களிம்பு, தோல் லேசாக மினுங்கும் அளவுக்கு மட்டும். கனமாக அப்பினால் பொருக்கு ஊறி, உரியும்போது மையும் சேர்ந்து வரும். நியோமைசின் கலந்த ஆன்டிபயாடிக் களிம்பை வழக்கமாகத் தடவுவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். அதற்கே பலருக்குத் தோல் ஒவ்வாமை உண்டு. சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியே மெல்லிசாகப் போதும். மஞ்சள், தேங்காய் எண்ணெய் போன்ற வீட்டு வைத்தியத்தைத் திறந்த புண்ணில் போட வேண்டாம்.

நான்காம் நாளுக்கு மேல் உரியத் தொடங்கும், அரிக்கும். சொரியாதீர்கள், உரிப்பதை இழுக்காதீர்கள். மேல்தோல் மூடிக்கொள்ள இரண்டு முதல் நான்கு வாரம், உள்ளே முழுதாக ஆற மாதங்கள். மூடும்வரை கடல், குளம், நீச்சல் குளம் எதிலும் இறங்கக் கூடாது. கல்லீரல் நோயுள்ள ஒருவர் டாட்டூ போட்டு ஐந்தாம் நாள் மெக்ஸிகோ வளைகுடாவில் நீந்தி, விப்ரியோ கிருமி தொற்றி இறந்தது 2017-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. சன்ஸ்கிரீன் ஆறிய பிறகுதான். அதுவரை துணியால் மறையுங்கள்.

முதல் இரண்டு நாள் சிவப்பும் வீக்கமும் லேசான கசிவும் இயல்பு. மூன்றாம் நாளுக்குப் பிறகு அவை குறைய வேண்டும். குறையாமல் சிவப்பு பரவினால் அதன் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டுப் பாருங்கள். கோட்டைத் தாண்டினால், சீழ் வந்தால், சிவப்புக் கீற்று மேலேறினால், நெறி கட்டினால், காய்ச்சலோ குளிரோ வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், ஆர்ட்டிஸ்டிடம் அல்ல.

கட்டுப்படாத சர்க்கரை, இதய வால்வுக் கோளாறு, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து, பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். கர்ப்ப காலத்தில் தள்ளிப்போடுங்கள். தழும்பு மேடாக வளரும் உடல்வாகு உள்ளவர்கள் நெஞ்சு, தோள் இரண்டையும் தவிர்க்க வேண்டும். மச்சத்தின் மேல் போடாதீர்கள். பின்னால் அது உருமாறினால் மைக்கு அடியில் தெரியாது. ரத்த தானம் செய்பவராக இருந்தால் காத்திருக்கும் காலம் எவ்வளவு என்று ரத்த வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அழிப்பதற்கான லேசர் சேவையை வாங்குவதானால் அழகு நிலையத்தில் வேண்டாம், தோல் மருத்துவரிடம் போங்கள். கறுப்பு மையும் கறுத்த தோலும் உள்ளவர்களுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளம் மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது. தோலின் சொந்த நிறமியை அது குறைவாகச் சுடும். பல அமர்வுகள் தேவைப்படும், ஒவ்வொன்றுக்கும் இடையில் குறைந்தது ஆறு வாரம் விட வேண்டும். வெள்ளை, தோல்நிற மைகளில் டைட்டானியம் டை ஆக்சைடோ இரும்பு ஆக்சைடோ இருப்பதால் லேசர் பட்டதும் கறுத்துவிடலாம். ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்க்காமல் முழுதாக அடிக்க விடாதீர்கள். ஒவ்வாமை வந்து தடித்த சிவப்பு மையை லேசரால் உடைத்தால் அந்தத் துகள்கள் உடல் முழுக்கப் பரவிக் கடும் ஒவ்வாமையைத் தூண்டக்கூடும். அதனால் டாட்டூவில் எந்த நிறம் எப்போது அரித்தது என்பதை லேசர் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எடுத்து வைத்த லேபிள் படங்களையும் காட்டுங்கள்.